தரவையில் பூக்கும் தும்பை: இனங்காண்பதிலிருந்து வீட்டு மருந்து வரை

மாரி ஓய்ந்து தை மாத வெயில் ஏறத் தொடங்கியதும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைத் தரவைகளில் (திறந்த மேய்ச்சல் வெளிகளில்) அதுவரை புல்லோடு புல்லாக நின்ற ஒரு செடி வெள்ளை முடி சூடிக்கொள்ளும். வவுணதீவிலிருந்து கொக்கட்டிச்சோலை நோக்கிப் போகும் பாதையோரத்திலும், வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்து மேட்டுநிலங்களிலும், தெற்கே திருக்கோவில், பொத்துவில் வரையுள்ள மணற்பாங்கான வெளிகளிலும் அதைக் காணலாம். அதுதான் தும்பை. வெளுத்த வேட்டியைத் "தும்பைப் பூப்போல" என்று சொல்லாத தமிழர் இல்லை. போர் முனையில் தும்பை சூடிப் பொருதலைத் தும்பைத்திணை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. சிவனுக்கு உகந்த பூ என்பதால், மாசி மாதச் சிவராத்திரிக்கு அதைத் தேடிப் பறிப்பவர்கள் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் பெயரை அறிந்த அளவுக்குச் செடியை அறிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். தடிமனுக்கு (சளிக்கு) தும்பை நல்லது என்று கேள்விப்பட்டு, எந்தச் செடி, எந்த நிலத்தில் நின்றது, எவ்வளவு எடுப்பது என்று பாராமல் பறித்துவந்து அரைத்துக் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்முறையைவிடச் செடி நின்ற நிலமே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டியின் கணிசமான பகுதி அடுப்பங்கரைக்கு வருமுன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

முதற்படி: செடியைச் சந்தேகமற இனங்காணல்

தும்பை துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. அந்தக் குடும்பத்தின் இரண்டு அடையாளங்களும் இதில் தெளிவாக உள்ளன: தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் அது உருளாமல் நான்கு பட்டையாகத் தட்டுப்படும், இலைகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சோடி சோடியாக அமைந்திருக்கும். செடி பொதுவாக ஒரு சாணிலிருந்து முழங்கால் உயரம் வரை வளரும். இலை ஒடுங்கி நீண்டிருக்கும். அதன் விளிம்பு மங்கலாகப் பற்களிட்டிருக்கும். மேற்பரப்பு சற்றுச் சொரசொரக்கும். தண்டின் மேற்கணுக்களில் பூக்கள் தண்டைச் சுற்றி நெருங்கி உருண்டையாக அமையும். இந்த உருண்டையைப் பார்த்துத்தான் முடித்தும்பை என்ற பெயரும் வழங்குகிறது.

இலங்கையில் பரவலாகக் காணப்படும் இனத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் லியூக்காஸ் செய்லானிகா. முதற்சொல் வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; இரண்டாவது சொல் இலங்கையைக் குறிக்கிறது. லின்னேயஸ் 1753 இல் இதை வேறொரு பேரினத்தின் கீழ் விவரித்தபோதே இலங்கையின் பெயரைச் சேர்த்துவிட்டார். இதன் நெருங்கிய உறவான லியூக்காஸ் அஸ்பெரா தமிழ்நாட்டில் பெருவழக்கானது. "அஸ்பெரா" என்றால் சொரசொரப்பானது என்று பொருள். கிராமப் பயன்பாட்டில் இரண்டும் தும்பையே.

ஒரு பூவை மட்டும் நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது இரண்டு உதடுகளாகப் பிரிந்திருக்கும். மேலுதடு சிறிய குல்லாய் போல வளைந்து, விளிம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல மயிர் அடர்ந்திருக்கும். கீழுதடு அதைவிட நீண்டு, மூன்று மடலாக விரிந்து தொங்கும். குல்லாயின் கீழே மகரந்தத்தைத் தாங்கிய தாள்கள் ஒளிந்திருக்கும். தேனீ கீழுதட்டில் வந்து அமரும்போது அதன் முதுகில் மகரந்தம் படியும்படி அமைந்த ஏற்பாடு இது. பூவின் அடிக் குழாயை உறிஞ்சினால் நுனிநாக்கில் ஒரு துளி இனிப்புத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தரவையில் குந்தியிருந்து இப்படி உறிஞ்சியதுதான் எங்களில் பலருக்குத் தும்பையோடு ஏற்பட்ட முதல் உறவு. உறிஞ்சுவதற்கு முன் எறும்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கவும் அப்போதே பழகிக்கொண்டோம்.

தும்பை என்று தவறாக எடுக்கப்படும் செடிகளில் இரண்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது நத்தைச்சூரி. இதற்கும் நாற்பட்டைத் தண்டு, எதிரெதிர் இலைகள், கணுக்களில் கொத்தாக வெளிர்நிறப் பூக்கள் ஆகியவை உண்டு; தும்பை நிற்கும் அதே மணல்வெளியில்தான் இதுவும் நிற்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கணுவைப் பாருங்கள். நத்தைச்சூரியில் இரண்டு இலைக்காம்புகளையும் இணைக்கும் சிறிய உறையும் அதன்மேல் முட்கள் போன்ற மயிர்களும் இருக்கும்; தும்பையில் அவை இல்லை. நத்தைச்சூரிப் பூ நான்கு இதழ் கொண்ட சின்னஞ்சிறு நட்சத்திரம். அதில் உதடுகளும் குல்லாயும் கிடையா. கடைசியாக, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் ஐயம் முழுவதும் தீர்ந்துவிடும். தும்பை இலையின் காரமான பச்சை வாசம் மூக்கில் ஏறும். நத்தைச்சூரிக்கு அந்த வாசம் இல்லை.

இரண்டாவது கவிழ்தும்பை. பெயரில் தும்பை இருந்தாலும் இது வேறு குடும்பத்துச் செடி. உடல் முழுவதும் முரட்டு மயிர் மூடியிருக்கும்; வெளிர்நீலப் பூ தலைகவிழ்ந்து நிற்கும். இதற்கென மருத்துவர்கள் வகுத்த பயன்கள் உண்டு. ஆயினும் இதன் பேரினத்துச் செடிகளில் ஈரலைப் பாதிக்கும் சேர்மங்கள் இருப்பதால், வீட்டில் எவரும் இதைக் கீரையாகவோ கசாயமாகவோ உட்கொள்ளக் கூடாது. தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கப்படும் காசித்தும்பைக்கும் நம் தும்பைக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை.

பூ இல்லாத காலத்தில், பழக்கமில்லாதவர்கள் தும்பை பறிக்காமலிருப்பதே நல்லது. இலையை மட்டும் கொண்டு முடிவு செய்ய நெடுநாள் பழக்கம் வேண்டும்.

இரண்டாம் படி: நிலத்தைத் தெரிதல்

என் அம்மம்மா தும்பை ஆயப் போகும்போது முதலில் செடியைப் பார்க்கமாட்டா. நிலத்தின் சரிவைப் பார்ப்பா. "தண்ணி எங்கால வருகுது எண்டு பாத்துப்போட்டு ஆய் மனே" என்பது அவ எனக்குச் சொன்ன சொல். அந்த நாளில் அவ பயந்தது மாட்டுப் பட்டியிலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீருக்கு. இன்று அதே எச்சரிக்கைக்கு வேறொரு பொருளும் சேர்ந்திருக்கிறது.

தும்பை விரும்பி வளரும் இடங்களில் வயல் வரம்பும் ஒன்று. பெரும்போக வேளாண்மையில் விதைத்த சில வாரங்களுக்குள் களைநாசினி அடிக்கப்படுகிறது; வரம்பைச் சுத்தப்படுத்தவும் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். கிளைபோசேட் 2015 இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மட்டும் தளர்த்தப்பட்டு, 2022 இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. இத்தகைய களைநாசினிகளுள் பல இலையின் மேல் தங்கிவிடுபவை அல்ல. செடியின் உடலுக்குள் இறங்கிப் பரவுபவை. ஆகையால் உப்புத் தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ எத்தனை தரம் அலசினாலும் அவை போகமாட்டா. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "நல்லாக் கழுவினால் சரி" என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊன்றியிருப்பதுதான்.

எண்ணெய் (களைநாசினி) அடித்த வரம்பைக் கண்ணால் ஓரளவு கண்டுகொள்ளலாம். புல் ஒரே அகலத்தில் வரிசையாகக் கருகியிருக்கும். அகன்ற இலைச் செடிகளின் தண்டு முறுகி வளைந்திருந்தாலோ, குருத்திலை சுருண்டு மஞ்சளித்திருந்தாலோ அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி வயல்காரரிடம் கேட்பது. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. எந்த வட்டையில் (வயற்கண்டத்தில்) எப்போது அடித்தார்கள் என்று நாளோடு சொல்வார்கள். ஒரு போகம் முழுவதும் எதுவும் அடிக்கப்படாத நிலமாக இருந்தால் மட்டும் பறியுங்கள்.

வரம்பைப் போலவே பிரதான வீதியோரம், குப்பை கொட்டும் இடம், வெள்ளம் வடிந்து சேறு படிந்த பள்ளம், மாட்டுப் பட்டியை அடுத்த நிலம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். ஏற்றவை எவையென்றால், சற்று மேடான திறந்த தரவை, கோயில் வளவு, குடியிருப்பைச் சூழ்ந்த பழைய தென்னந்தோட்டம் போன்றவை. உன்னிச்சைப் பக்கம் போன்ற குளத்தோர மேட்டுநிலங்களில் அழகான தும்பை நிற்கும்; ஆனால் யானை நடமாடும் வெளிகளுக்கு விடிகாலையிலும் பொழுது சாயும் வேளையிலும் போகக் கூடாது. ஒரு சிறங்கை (ஒரு கை கொள்ளும் அளவு) இலைக்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: பறித்தல்

வடகீழ்ப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில் முளைக்கும் தும்பை மார்கழிக் கடைசியில் பூக்கத் தொடங்கி, தை, மாசி, பங்குனியில் நிறைந்து நிற்கும். பின்னர் மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கும்போது தரவை வறண்டு, செடியும் காய்ந்து நிறம் மாறிவிடும். கீரைக்கான தளிர் பூக்குமுன் மென்மையாக இருக்கும். மருந்துக்கும் உலர்த்துவதற்கும் பூத்த செடியே சிறந்தது.

பனி உலர்ந்த பின், காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பறியுங்கள். ஈரத்தோடு பறித்த இலை பெட்டிக்குள் புழுங்கிக் கறுத்துவிடும். கால்களை மூடும் சப்பாத்து அணிந்து, ஒரு தடியால் புல்லைத் தட்டிக்கொண்டே நடப்பது கட்டாயம். தரவைப் புல்லில் புடையன் பாம்பு கிடக்கும். பொலித்தீன் பைக்குப் பதிலாகப் பன் புல்லால் இழைத்த பெட்டியோ பருத்தித் துணியோ கொண்டுபோனால் இலை வாடாது.

தும்பை ஓராண்டுச் செடி. விதையால் மட்டுமே அது அடுத்த மாரிக்கு எழும்பும் என்பதால் வேரோடு பிடுங்கக் கூடாது. ஒரு செடியில் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். ஓரிடத்தில் பத்துச் செடிக்குக் குறைவாக நின்றால் தொடாதீர்கள். பூ மட்டும் வேண்டுமானால் முடியை ஒடிக்காமல், மலர்ந்த பூவை மட்டும் மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். பச்சைப் புல்லிவட்டம் செடியிலேயே நின்று விதை முற்றும். இப்படி எடுத்த பூ ஒரு மணி நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கும். ஆகவே பூவை அன்றே, கூடுமானால் அந்த நேரமே பயன்படுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பழுத்த இலை, பூச்சி அரித்த இலை, வேறு புல் எல்லாவற்றையும் சுளகில் பரப்பி நீக்குங்கள். பின்னர் ஓடும் தண்ணீரில் இரண்டு தரமும், உப்புக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடமும் வைத்து அலசுங்கள். எலியும் மாடும் திரியும் நிலத்திலிருந்து வந்த எந்தக் கீரைக்கும் இது பொருந்தும்.

உலர்த்தி வைப்பதாயின் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், பன்பாயின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். ஐந்தாறு நாளில் இலை விரலில் நொறுங்கும் பதத்துக்கு வரும். வாவியோர ஊர்களில் காற்றின் ஈரம் அதிகம் என்பதால் இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் ஆறு மாதம் வைத்திருக்கலாம். பூஞ்சை வாசம் வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

நான்காம் படி: உணவாகச் சமைத்தல்

தும்பையைப் பயன்படுத்தப் புதிதாகத் தொடங்குபவர்கள் உணவிலிருந்தே தொடங்குவது நல்லது. மருந்தாக எடுப்பதைவிட இதில் அளவு தவறும் வாய்ப்புக் குறைவு; உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சுண்டலுக்கு ஒரு சிறங்கைத் தும்பைத் தளிரும் மூன்று சிறங்கை முருங்கை இலையோ பொன்னாங்காணியோ எடுங்கள். தும்பையைத் தனியே சமைத்தால் கைப்பும் காரமும் மிஞ்சிச் சோற்றோடு சேராது. இரண்டையும் மிக மெல்லியதாக அரிந்துகொள்ளுங்கள். தாச்சியில் அரிந்த சின்ன வெங்காயம் ஏழெட்டு, இரண்டு பச்சை மிளகாய், சிறிது மாசித்தூள், மஞ்சள், உப்பு, அரை மூடித் தேங்காய்த் துருவல் ஆகியவற்றைக் கையால் பிசைந்து, இலையைச் சேர்த்து மெல்லிய நெருப்பில் நான்கு நிமிடம் கிளறுங்கள். இலை நிறம் மாறுமுன் இறக்கி, சூடு தணிந்த பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்கள் மாசியைத் தவிர்த்து மிளகைத் தட்டிப் போடலாம். காய்ச்சல் விட்ட பிறகு வாய்க் கைப்புத் தீராமல் இருப்பவருக்கு இந்தச் சுண்டலும் குழைந்த சோறும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் என்பது போதுமான அளவு.

இதே தளிரை ஒரு பிடி அளவு பாலாணத்தில் (தேங்காய்ப்பால் கறியில்) கடைசியாகப் போட்டு ஒரு கொதியில் இறக்கினாலும் நன்றாக இருக்கும்.

ஐந்தாம் படி: தடிமனுக்கும் தலைப்பாரத்துக்கும் வேது

ஆயுர்வேதத்தில் துரோணபுஷ்பி எனப்படும் தும்பையை மரபு மருத்துவம் வெப்பத் தன்மையுடையதாகவே வகுக்கிறது. கபத்தைக் கரைக்கும் என்ற நம்பிக்கைக்கு அதுவே அடிப்படை. தடிமன், மூக்கடைப்பு, பீனிசத்தால் (சைனஸ் தொல்லையால்) வரும் தலைப்பாரம் ஆகியவற்றுக்கு வேது (ஆவி) பிடிப்பது அதன் மிகப் பழைய பயன்.

இரண்டு சிறங்கை பச்சை இலையும் பூவும், அல்லது ஒரு சிறங்கை உலர்ந்த இலை போதும். விரும்பினால் நொச்சி இலையும் சேர்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு இலையைப் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, பானையை ஆடாத தரையில் அல்லது உறுதியான மேசையில் வைத்து, முகத்தை ஓர் அடி தூரத்தில் நிறுத்தி, தலையைத் துணியால் மூடி மெதுவாக மூச்செடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு காற்றுப் படாமல் இருங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த வேது வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து ஏற்படும் தீப்புண், தடிமனைவிடப் பல மடங்கு பெரிய துன்பம். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்குக் காரமான ஆவி இழுப்பை அதிகரிக்கக்கூடும் என்பதால் அவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஆறாம் படி: பூப்பாலும் தலைக்கு எண்ணெயும்

வறட்டு இருமலுக்குப் பூப்பால் செய்வதுண்டு. புதிதாய்ப் பறித்த பத்துப் பதினைந்து பூக்களை அலசி, அரைத் தேநீர்க் கோப்பைப் பாலில் போட்டு ஒரு கொதி வரவிட்டு வடித்து, இளஞ்சூட்டில் இரவு படுக்கப் போகுமுன் குடிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் தொடரக் கூடாது. தேன் கலப்பவர்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் அறவே கொடுக்கக் கூடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பூப்பாலையும் நான் சொல்லமாட்டேன்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது சற்றுப் பொறுமை வேண்டும் வேலை; ஆனால் தும்பையின் பயன்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுவே. ஒரு சுண்டு (அரிசி அளக்கும் சிறு பேணி) அளவு பூவை அலசி, துணியில் பரப்பி ஈரம் முழுவதும் போகவிடுங்கள். கால் லீற்றர் நல்லெண்ணெயை அடி தடித்த சட்டியில் மிக மெல்லிய நெருப்பில் வைத்து, எண்ணெய் இளஞ்சூடானதும் பூவைச் சேருங்கள். முதலில் நுரை எழும்பிச் சலசலக்கும். பூவிலுள்ள தண்ணீர் வெளியேறும் ஓசை அது. அகப்பையால் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருங்கள். ஓசை அடங்கத் தொடங்கும்போது அடியில் படியும் கசண்டைச் சிறிது எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். சேறுபோல ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மெழுகுபோலத் திரண்டால் மெழுகுப் பதம். மணல்போல உதிர்ந்தால் மணல் பதம். வீட்டுத் தேவைக்கு மெழுகுப் பதத்தில் இறக்கினால் போதும். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு திரியை அந்த எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தினால் வெடிக்காமல் எரிய வேண்டும். படபடவென வெடித்தால் ஈரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள், அப்படிப்பட்ட எண்ணெய் சில வாரத்தில் ஊசிப்போகும். ஆறிய பின் துணியில் வடித்து நிறம் கொண்ட போத்தலில் ஊற்றி வையுங்கள்.

வாரம் ஒரு தரம், முழுக்குக்கு அரை மணி நேரம் முன்பு உச்சியில் தேய்த்து, வெந்நீரில் தோயுங்கள். எண்ணெயைக் காதிலோ மூக்கிலோ விடாதீர்கள்.

ஏழாம் படி: பூச்சும் புகையும்

நுளம்பு, எறும்பு, குளவி கடித்த தடிப்புக்கு ஓர் இலைக் கொத்தை அம்மியில் தண்ணீர் விடாமல் அரைத்துத் தடவுவது வழக்கம். முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு மணி நேரம் பொறுத்து, சிவப்போ அரிப்போ வராவிட்டால் மட்டுமே கடித்த இடத்தில் பூசுங்கள். தோல் உரிந்த இடத்திலும் சீழ் வைத்த புண்ணிலும் பூசக் கூடாது. குளவி கொட்டி முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ இலையைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பட்டிக்காரர்கள் மாடுகளை நுளம்பிலிருந்து காக்க மாலையில் மூட்டம் போடும்போது உலர்ந்த தும்பையையும் வேப்பிலையையும் அதில் சேர்ப்பார்கள். திறந்த வெளியில் அது நல்ல பழக்கம். பூட்டிய அறைக்குள் புகை போடுவது நெஞ்சுக்குக் கேடு. டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது; மாலைப் புகை அதைத் தடுக்காது. வளவில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதே அதற்கு வழி.

எட்டாம் படி: எங்கே நிறுத்த வேண்டும்

எனக்குப் பத்து வயதிருக்கும். பீனிசத்தால் கண்ணுக்கு மேலே வலித்துக்கொண்டிருந்த ஒரு நாள், உறவுக்காரர் ஒருவர் பச்சைத் தும்பை இலையைக் கசக்கிச் சாற்றை என் மூக்கில் பிழிந்துவிட்டார். அன்போடு செய்த காரியம்தான். ஆனால் நெற்றிவரை நெருப்பாய் எரிந்தது, மறுநாள் மூக்கால் இரத்தம் கசிந்தது, ஒரு கிழமைக்கு எந்த வாசமும் தெரியவில்லை. நசியம் என்ற சிகிச்சைமுறை மரபில் உண்மையாகவே உண்டு. ஆனால் அது பயின்ற வைத்தியர், பதப்படுத்திய மருந்தைக் கொண்டு, நோயாளியின் நிலை அறிந்து செய்வது. கொதிக்காத தண்ணீரும் மண்ணும் கலந்த இலைச்சாற்றை மூக்கிலோ கண்ணிலோ விடுவதை எவரும் வீட்டில் செய்யக் கூடாது.

பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு குடிக்கக் கொடுக்கும் வழக்கம் ஏட்டு வாகடங்களிலும் வாய்வழக்கிலும் உள்ளது. இதை நம்பி ஒரு நிமிடத்தைக்கூட இழக்காதீர்கள். புடையனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். நாகத்தின் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும். நஞ்சு ஏறியபின் அதை முறிக்கும் விஷமுறிவு ஊசி அரசாங்க வைத்தியசாலைகளில்தான் இருக்கிறது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கேடு.

செங்கமாரிக்கும் தும்பை சொல்லப்படுகிறது. கண் மஞ்சளிப்பது ஈரல், பித்தப்பை, இரத்தம் ஆகியவற்றில் எதில் ஏற்பட்ட கோளாறாலும் வரலாம். பரிசோதனை இன்றி எந்த இலையையும் கொடுக்கக் கூடாது.

காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாரிக்காலத்தில் எங்கள் மாவட்டங்களில் வரும் காய்ச்சல் டெங்காகவோ, வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். வேதுவால் உடல் வியர்த்துச் சற்றுக் குளிர்ந்தது என்று இரண்டு மூன்று நாளைக் கடத்திவிட்டு, நிலைமை மோசமான பிறகு வைத்தியசாலைக்கு ஓடுவது எத்தனையோ குடும்பங்களில் நடக்கிறது. இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயல் வேலை செய்பவர் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் ஆகியோர் தும்பையை உள்மருந்தாக எடுக்கக் கூடாது. தும்பைச் சாறு கிருமிகளைக் கட்டுப்படுத்துவதாகவும் வீக்கத்தைத் தணிப்பதாகவும் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டிலும் விலங்குகளிலும் செய்யப்பட்டவை. மனிதருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விக்கு அவை விடை தருவதில்லை. நாட்பட்ட பீனிசத்துக்கும் தோல் நோய்க்கும் தும்பை சேர்ந்த மருந்து வேண்டுமென்றால் பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியரைப் பாருங்கள். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி, தேசிய வைத்திய முறைகளையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கு பயின்றவர்கள் நம் ஊர் அரச மருந்தகங்களிலும் பணியாற்றுகிறார்கள்.

ஒன்பதாம் படி: வீட்டு வளவில் விதைத்தல்

சுத்தமான நிலத்தைத் தேடி ஒவ்வொரு வருடமும் அலைவதைவிட, ஒரு மூலையில் தும்பையை நீங்களே வளர்ப்பது எளிது. நான் ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். வரம்புத் தும்பையைத் தொடுவதே இல்லை.

பங்குனி, சித்திரையில் தரவையில் முடிகள் பழுப்பாகக் காய்ந்து நிற்கும். ஒரு முடியை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினால், ஒவ்வொரு புல்லிவட்டக் கிண்ணத்திலிருந்தும் நான்கு சிறு விதைகள் வரை உதிரும். கபில நிறத்தில், வழுவழுப்பாக, கடுகைவிட ஒடுங்கி இருக்கும். ஐந்தாறு முடி ஒரு வீட்டுக்குப் போதும். காகிதப் பையில் இட்டு, மாதத்தை எழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

புரட்டாசிக் கடைசியில், முழு வெயில் விழும் ஓரிடத்தை மண்வெட்டியால் இலேசாகக் கொத்திக் கிளறுங்கள். பசளை வேண்டியதில்லை, கொழுத்த மண்ணில் இலை பெருத்து வாசம் குறையும். விதையை ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மண் போடாமல் கையால் அழுத்திவிடுங்கள். வளவில்லாதவர்கள் அகன்ற மண்சட்டியில், அடியில் துளையிட்டு, பாதி மணலும் பாதி தோட்டமண்ணும் நிரப்பி இதையே செய்யலாம். தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகிவிடும் என்பதால் சற்று மேட்டில் தூவுவது நல்லது. நாற்று நான்கு இலை விட்டதும் ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். பிடுங்கிய நாற்றை அன்றைய சுண்டலில் சேர்க்கலாம்.

முதல் வருடம் பூத்த செடிகளில் பாதியை ஆயாமல் காயவிட்டால், விதை தானாகவே விழும். அடுத்த ஐப்பசி மழைக்கு, நீங்கள் தூவாத இடங்களிலும் நாற்பட்டைத் தண்டோடு சோடி சோடியாக இலை விட்டு முளைத்திருக்கும்.